சத்தமில்லாத கூரையின் கீழிருந்து சம்பந்திக்கு

பேரன்பும் பெருமதிப்பும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மருமகளைப் பெற்றவன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் மூன்றே கால் பேரும் சுகம். கால் என்று எழுதியது பாப்பாவை. நேற்று நிறுத்துப் பார்த்ததில் இரண்டு கிலோ நானூறு கிராம். தாங்களும் சம்பந்தியம்மாவும், சம்பந்தியம்மாவின் இடது முழங்காலும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன்.

கையெழுத்தைப் பார்த்து யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று கிழித்துவிட வேண்டாம். இது என் சொந்தக் கையெழுத்து. போன வருடம் வரை நான் கைநாட்டு என்பது, நம் பிள்ளைகளின் கல்யாணப் பதிவேட்டில் நான் பெருவிரலை உருட்டியபோது பக்கத்தில் நின்று மை துடைக்கத் துணி நீட்டிய தங்களுக்குத் தெரியும். எழுபத்தோராவது வயதில் நூலகத்தில் நடக்கும் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன். இப்போது ஒரு நாளைக்கு முக்கால் பக்கம் எழுதுகிறேன். ஒரு சொல்லை எழுதி முடித்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன். அது அங்கேயே இருக்கிறது. பேசின பேச்சு காற்றோடு போய்விடும், எழுதினது சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்கிறது. இந்தச் சந்தோஷத்தில் என் பயத்தைக்கூடக் குஷியாக எழுதிவிடுவேனோ என்பது இன்னொரு பயம்.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முடியாது. இந்த வீட்டில் இப்போது சத்தமே இல்லை. குளியலறைக்குள் நின்று நான் பெருமூச்சு விட்டால் சமையலறையிலிருந்து என் மகள் "என்னப்பா?" என்கிறாள். போனில் தங்கள் பேரைச் சொன்னாலே மாப்பிள்ளை காதில் விழுந்துவிடும். மேலும் தாங்கள் இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்தப் பக்கம் தாங்கள் "ஹலோ" என்றால் இந்தப் பக்கம் பாப்பா எழுந்துவிடுவாள். ஆகவே பேனா.

நான் மெதுவாக எழுதுகிறவன், நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் விஷயம் பாதியில் நிற்கும். ஆகவே என் பயம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை இந்த வீட்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறேன். யோசித்துப் பார்த்தால் அனுப்புவதுதான் நியாயம் என்று தோன்றுகிறது, அது அதைவிடப் பயமாக இருக்கிறது.

பாப்பா எட்டு வாரம் முந்திப் பிறந்தவள், ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள் என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது தங்களுக்குத் தெரியாது. அறை சூடாகவும் கூடாது, சில்லிட்டுப் போகவும் கூடாது என்றார். தூங்கும்போது மூச்சைக் கவனியுங்கள், இந்த மாதிரிக் குழந்தைகள் சில நொடி நிறுத்திவிட்டுப் பிறகு மூச்சு விடும், பயப்படாதீர்கள் என்றார். பயப்படாதீர்கள் என்று சொல்லும்போது அவர் முகம் பயப்படுகிற முகமாக இருந்தது. இரவு முழுக்க என் மகளும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றி விழிக்கிறார்கள். பகலில் மாப்பிள்ளை கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போய்விடுகிறார். மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை என் மகள் தூங்குவாள், பாப்பா என் பொறுப்பு. இதற்காகத்தான் என்னை மூன்று வாரத்துக்குக் கூப்பிட்டார்கள். இப்போது ஆறு வாரம் ஆகிறது. யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. என் துணிப்பை பீரோவில் ஏறாமல் கதவு ஓரத்திலேயே, பஸ் வந்தால் ஏறிவிடுகிற மாதிரி நிற்கிறது. என் வாடகை அறையில் ஒரு ஜன்னலும் ஒரு மேசை விசிறியும் இருக்கின்றன. ஆறு வாரத்துக்கு முன்பு வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தது அந்த விசிறி ஒன்றுதான். அதனிடம் திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை சம்பந்தி. இந்தக் குழந்தை கொட்டாவி விடும்போது முகம் முழுவதும் வாயாகிவிடுகிறது. அதை விட்டுவிட்டு ஒருவன் எப்படிப் போவான்?

போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை, "மாமா, நாளைக்கு ஏசியக் கழட்டிடறோம்" என்றார்.

"நல்லாத்தானே ஓடுது மாப்பிள்ளை?"

"ஓடுது. சத்தம்."

"சத்தம் போட்டாத்தானே ஓடுதுன்னு அர்த்தம்?"

மாப்பிள்ளை சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வாழ்நாள் முழுக்க விசில் ஊதிய தாங்கள் மகனுக்கு அதில் ஒரு ஊதலாவது கொடுத்திருக்கலாம். அவர் ஒரு வாரத்தில் பேசுகிற பேச்சு ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடங்கிவிடும்.

மறுநாள் ஒரு நடுத்தர வயது அம்மா கருவிப்பெட்டியும் ஏணியுமாக ஆட்களோடு வந்து இறங்கினார். நான் அவருக்குக் கூரைக்கார அம்மா என்று பேர் வைத்திருக்கிறேன். பாப்பாவையும் தாயையும் முன்னறைக்கு மாற்றிவிட்டு நான்கு நாள் வேலை பார்த்தார்கள். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை கட்டி, அதற்குள் சுண்டுவிரல் தடிப்பில் பைப்பை வளைத்து வளைத்து ஓட்டினார்கள். அதில் குளிர்ந்த தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்குமாம். மொட்டை மாடியில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு பெட்டி அந்தத் தண்ணீரைக் குளிர வைக்குமாம். அறையில் ஈரத்தை உறிஞ்ச மூலையில் இன்னொரு சின்னப் பெட்டி. கரண்டும் பாதிகூட ஆகாதாம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"காத்து எங்கேருந்தும்மா வரும்?"

"காத்து வராதுங்க ஐயா. கூரை குளிர்ச்சியா இருக்கும். உங்க உடம்புச் சூடு தன்னால உங்கள விட்டு மேல போயிடும்."

"இந்த வயசுல என் உடம்புச் சூடு என்ன விட்டு மேல போறது நல்ல சகுனமா தெரியலயேம்மா."

"ஐயோ, முழுசா போகாதுங்க. கொஞ்சம் உங்களுக்கு விட்டு வைக்கும்."

"சத்தம்?"

"ஒரு பொட்டு சத்தம் வராது."

"அப்ப ஓடுதா நின்னுடுச்சான்னு எப்படித் தெரியும்?"

"செவுத்துல சின்னத் திரை வச்சிருக்கேன். எழுத்து வரும், படிச்சுக்கோங்க."

"மேல தண்ணி எவ்வளவு நிக்கும்?"

"ரெண்டு குடம் இருக்கும்."

சம்பந்தி, தலைக்கு மேல் வெள்ளம் போனால் என்ன என்று பேச்சுக்குச் சொல்கிறோம். இரண்டு கிலோ குழந்தையின் தலைக்கு நேர் மேலே இரண்டு குடம் தண்ணீர் என்று கேட்டதும் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். (இந்தப் பத்திக்கு வருவதற்குள் பாப்பா அறுபது கிராம் ஏறிவிட்டாள். நான் எழுதுகிற வேகம் அப்படி.) நாற்பது வருடம் ஒரு சினிமா தியேட்டரின் அடித்தளத்தில் ஏசி மிஷினைப் பார்த்துக்கொண்டவன் நான். அந்த மிஷினின் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டில். அது ஓடும்போது அலமாரியில் வைத்த டம்ளர் தானாக நடந்து வந்து விளிம்பில் நிற்கும். அந்தச் சத்தத்தில் நான் குறட்டை விட்டுத் தூங்குவேன். சத்தம் நின்றால்தான் எழுந்திருப்பேன். அழுத்தம் காட்டுகிற முள் ஒன்று பதினோரு வருடம் அறுபதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்த்ததில்லை, முதலாளி வந்தால் என் காதைத்தான் கேட்பார். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, எண்ணெய் குறைந்திருக்கிறதா, காற்று புகுந்திருக்கிறதா எல்லாம் காதுக்குத் தெரியும். மேலே எண்ணூறு பேர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் நின்றால் எனக்கு இரண்டு நிமிடம்தான். அதற்குள் ஓடிப்போய் ஆறு கதவையும் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் புழுங்கிப்போன ஜனம் நாற்காலியைக் கிழித்துவிடும். சத்தம் நின்றதா, கதவைத் திற. நாற்பது வருடம் என் காலுக்கு இது ஒன்றுதான் பாடம். மூளைக்குத் தெரிவதற்கு முன்பே கால் ஓடிவிடும்.

இப்படிப்பட்டவனை ஒரு சத்தமில்லாத மிஷினுக்கு அடியில் உட்கார வைத்தால் என்ன நடக்கும்?

முதல் நாள் மதியம் ஒரு மணி. மகள் தூங்கப் போய்விட்டாள். பாப்பா தொட்டிலில். நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். சத்தம் இல்லை. அவ்வளவுதான், கண்ணைத் திறந்து பார்க்கும்போது நான் ஜன்னல் பக்கத்தில் நிற்கிறேன், கையில் கொக்கி, இரண்டு கதவும் ஆவென்று திறந்து கிடக்கின்றன. என் கால் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. அன்று நல்ல புழுக்கம். வெளியே மழை வருகிறேன் வருகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தது. சரி, திறந்தது திறந்ததாக இருக்கட்டும், காற்றாவது வரட்டும் என்று விட்டேன். அரை மணியில் அறை சூடாகத் தொடங்கியது. பார்த்தாயா, மிஷின் நின்றுதான் போயிருக்கிறது, நல்லவேளை திறந்தோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு ஜன்னலையும் திறந்தேன். அறை மேலும் சூடானது. நாலரைக்கு, மகள் எழுவதற்கு முன், எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு அறை மெதுவாகக் குளிர்ந்தது. என் மகளைப் பார்த்ததும் மிஷினுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சுவரில் இருந்த திரையைப் பார்க்காமல் இல்லை. அது வேறு கொடுமை. அந்தத் திரையும் கரண்டை மிச்சம் பிடிக்கிற ஜாதியாம். தொட்டால் எழுத்து வரும், பத்து எண்ணுவதற்குள் அணைந்துவிடும். நான் ஒரு சொல்லைக் கூட்டிப் படித்து நிமிர்வதற்குள் இருட்டு. மறுபடி தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பதற்றத்தில் எங்கே விட்டேன் என்பது மறந்துவிடுகிறது. எண்ணைப் படிக்க எனக்கு எப்போதும் தெரியும். இருபத்தாறு என்று காட்டும், சில சமயம் இருபத்தொன்பது என்று காட்டும். ஆனால் அறுபதிலேயே பதினோரு வருடம் நின்ற முள்ளைப் பார்த்தவன் எண்ணை நம்புவானா?

இரண்டாம் நாள் எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்து அதன் மேல் காதை வைத்தேன். கேட்டது! டிக் டிக் என்று, சீராக, அழகாக. ஆகா, மாடியில் மோட்டார் ஓடுகிறது என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் அப்படியே கழுத்தைச் சாய்த்து நின்று கேட்டேன். பிறகு கை வலித்து மாற்றினேன், சத்தம் நின்றது. கால் ஓடியது, ஜன்னல் திறந்தது. அதற்கப்புறம்தான் தெரிந்தது, டம்ளரைப் பிடித்திருந்த கையில் நான் கடிகாரம் கட்டியிருந்தேன்.

மூன்றாம் நாளும் இதே கதை. நான்காம் நாள் நடந்ததை எழுதும்போது எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

மதியம் மூன்று மணி இருக்கும். மூன்று ஜன்னலும் திறந்திருக்கின்றன. புழுக்கம் சட்டையைப் பிழிந்து போடுகிற மாதிரி. பாப்பா தூங்குகிறாள். நான் குனிந்து அவள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. தடவிப் பார்த்தேன், தண்ணீர். நிமிர்ந்து பார்த்தேன். சம்பந்தி, கூரை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஆயிரம் கண் திறந்து என்னையே பார்க்கிற மாதிரி நிற்கிறது. ஒவ்வொன்றும் பருத்துக்கொண்டே வருகிறது. இரண்டு குடமும் உடைந்துவிட்டது, கூரை அப்படியே பெயர்ந்து வரப்போகிறது என்று எனக்கு உயிரே போய்விட்டது. கத்தலாம் என்றால் பாப்பா எழுந்துவிடுவாள். தொட்டிலை இழுத்தேன், சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தது, அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. குழந்தையைத் தூக்கலாம் என்றால் இந்தப் பதற்றத்தில் தூக்கப் பயம். கதவு மூலையில் மாப்பிள்ளையின் கறுப்புக் குடை தெரிந்தது. பாய்ந்து எடுத்து விரித்துத் தொட்டிலுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். குடையின் மேல் டொப், டொப் என்று விழுகிறது. நான்கு நாளில் அந்த மிஷினிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வாசலில் என் மகள் நிற்கிறாள், தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"அப்பா. என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பாப்பாவுக்குக் குடை காட்டிட்டு இருந்தேன்."

"வீட்டுக்குள்ளயா?"

"வெளியில கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்களே."

அவள் மேலே பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். நான் குடையை மடக்க மறந்து, காலியான தொட்டிலுக்குப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த நேரத்தில்தான் வேறு வேலை இல்லாமல் திரையை ஒரு கையால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். ஏழு தடவை தொட்டு, வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு அறிவிப்பை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படித்து முடித்தேன். "ஜன்னல் திறந்திருக்கிறது. குளிரூட்டல் நிறுத்தப்பட்டது. மூடவும்." படித்து முடித்ததும் ஒரு நிமிடம் பூரித்துப்போனேன். அடுத்த நிமிடம் பொருள் புரிந்தது. கைநாட்டாகவே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மறுநாள் காலை கூரைக்கார அம்மா வந்தார். மாப்பிள்ளை வேலைக்குப் போகாமல் நின்றார். அந்த அம்மா கூரையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பைப்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இது ஒடஞ்ச தண்ணி இல்ல, வேர்வை. வெளியிலேருந்து ஈரக்காத்து உள்ள வந்தா கூரை வேர்க்கும். ஐஸ் தண்ணி டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்கல? அது மாதிரி. அதனாலதான் ஜன்னலத் தொறந்தா மிஷின் தன்னால நின்னுடற மாதிரி வச்சிருக்கேன். நின்னாலும் பைப்புக்குள்ள இருக்கற குளுந்த தண்ணி கொஞ்ச நேரம் வேர்க்க வைக்கும்."

"ஜன்னல் யாரும் தொறக்கலயே" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

அந்த அம்மா திரையை என்னவோ அமுக்கினார். "நாலு நாள்ல பத்தொம்போது தடவ தொறந்திருக்குங்க. எல்லாமே மதியம் ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள."

வாயே திறக்காத மிஷின் கோள் சொல்கிறது சம்பந்தி! என் தியேட்டர் மிஷின் நாற்பது வருடம் கத்தியது, ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

"காத்துல தொறந்திருக்கும்" என்றேன்.

"காத்து கொக்கிய எடுத்துட்டுத் தொறக்குமாங்க?"

"பலமான காத்து."

"திரும்ப நாலரைக்கு வந்து கொக்கியும் போட்டுட்டுப் போச்சா? நல்ல பொறுப்பான காத்துதான். இருந்தா எங்க வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பி வைங்க."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதற்கு மறுநாள் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இன்றோடு ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளில் அவர் என்னிடம் பேசியது, "உப்பு", "தாளிச்சா போச்சு" — இல்லை, அது என் மகளிடம் சொன்னது — "மாமா, செருப்பு நனையுது". இவ்வளவுதான். தங்கள் மகனும் அந்த மிஷினும் ஒரே வார்ப்பு. உள்ளே ஓடுகிறதா, நின்றுவிட்டதா, கொதிக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வருவதில்லை. மிஷினிலாவது திரை வைத்திருக்கிறார்கள். இவர் நெற்றியில் ஒன்றும் வருவதில்லை. சத்தம் போட்டு, "மாமா, என் குழந்தை மேல தண்ணி ஊத்தப் பாத்தீங்களே" என்று கேட்டிருந்தால் நான் அழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன், ஜன்னல் பக்கம் போய்விடக் கூடாது என்று. கூரையைப் பார்க்கிறேன், பாப்பாவைப் பார்க்கிறேன், கதவோரப் பையைப் பார்க்கிறேன். கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும், இதோ வருகிறார், இதோ சொல்லப்போகிறார் என்று எழுந்து நிற்கிறேன்.

ஆகவே தங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன், பெரிய மனது பண்ண வேண்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு தாங்கள் பாப்பாவைப் பார்க்க வரும்போது, எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, "சம்பந்தி, எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் படுத்துடுச்சு, உங்கள விட்டா அதுக்கு ஆளில்ல, இன்னைக்கே என்கூடக் கிளம்புங்க" என்று தங்கள் குரலில் சொல்ல வேண்டும். மோட்டார் நன்றாக ஓடினாலும் சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் மறுப்பேன், தாங்கள் விடக் கூடாது. அனுப்பப்பட்டவனாகப் போவதைவிட அழைக்கப்பட்டவனாகப் போவது எனக்குக் கௌரவம். பை தயாராக இருக்கிறது.

மற்றொன்று, நான் போன பிறகாவது அந்தப் பழைய ஏசியைத் திரும்ப மாட்டும்படி தங்கள் மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும். பழசு என்றாலும் அது யோக்கியமான மிஷின். ஓடினால் ஓடுகிறேன் என்று சொல்லும், நின்றால் நின்றுவிட்டேன் என்று தெரிந்துவிடும். பகலில் தனியாகப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப்போவது யாரோ, அவருக்கு என் அளவு பயம் இருக்குமோ இருக்காதோ.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் நேரத்துக்குப் பசியும் படுத்ததும் தூக்கமும் குறைவில்லாமல் இருக்கட்டும். சம்பந்தியம்மா படிக்கட்டில் நிதானமாக ஏறி இறங்கட்டும். பாப்பா தன் தாத்தா பாட்டிக்குக் காலை உதைத்து வணக்கம் சொல்கிறாள்; இப்போது நிஜமாகவே உதைத்தாள், தாளின் ஓரம் மடங்கியிருப்பது அதனால்தான்.

இப்படிக்கு, தங்கள் சம்பந்தி. கீழே இருப்பது கையெழுத்து, கைநாட்டு அல்ல.

பின்குறிப்பு: உறை மேல் தங்கள் விலாசத்தை எழுத என் எழுத்து போதாது என்று தோன்றியது. நூலக வகுப்பு டீச்சர் எதையும் படித்துவிடுவார், தபால்காரர் அப்படி இல்லை. ஆகவே நேற்று மாலை உறையை மாப்பிள்ளையிடம் நீட்டி, விலாசம் மட்டும் எழுதித் தரச் சொன்னேன். ஏழு பக்கமும் உள்ளேயே இருந்ததை மறந்துவிட்டேன். உறையையும் ஒட்டவில்லை.

எனக்கு விஷயம் உறைத்தபோது அவர் மேசையில் உட்கார்ந்து நான்காம் பக்கம் படித்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.  ஏழாம் பக்கம் வரை படித்தார். திருப்பி ஆறாம் பக்கத்தை எடுத்தார். பென்சில் எடுத்தார், ஸ்கேல் எடுத்தார். நான் கேட்டிருந்த இரண்டு உதவியின் மேலும், கட்டடப் படத்தில் வேண்டாத சுவரை அடிக்கிற மாதிரி, நேராகக் கோடு போட்டார். பிறகு கதவைப் பார்த்து, "உள்ள வாங்க மாமா" என்றார். நான் நிற்பது தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எதைத்தான் மறைக்க முடிகிறது.

பாப்பாவின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். கடந்த ஆறு வாரத்தில் நான் கேட்காத அளவுக்கு அவர் பேசினார், அதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரில இருபத்தாறு நாள் கண்ணாடிக்கு வெளிய நின்னேன் மாமா. நெஞ்சு ஏறி எறங்கறது தெரியும். ஒரு சத்தம் கேக்காது. சுத்தி மிஷின் சத்தம்தான். வீட்டுக்கு வந்தா இங்க ஏசி சத்தம். இவ மூச்சு எனக்குக் கேக்கணும். அதுக்குத்தான் கழட்டினேன், கரண்டுக்கு இல்ல."

தொட்டிலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல மதியம் ஒரு மணியானா எனக்கு வேலை ஓடாது. அப்புறம் மாமா உக்காந்திருக்காருன்னு நெனச்சுப்பேன். நாப்பது வருஷம் சத்தம் நிக்குதான்னு கேட்ட காது. அந்த மாதிரி காது எனக்கு எங்க கெடைக்கும்? ஜன்னலுக்குப் பூட்டுப் போட்டாப் போச்சு" என்றார்.

"ஒம்பது நாளா ஏன் மாப்பிள்ளை பேசல?"

"பயம் மாமா. கூரைக்குக் கணக்குப் போட்டவன் நான்தானே, அது வேர்த்தது என் கணக்குத் தப்போன்னு பயந்துட்டேன். ராத்திரியெல்லாம் அதத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் தொட்டில் பக்கம் காதைச் சாய்த்தோம். பாப்பா மூச்சு விட்டாள். கேட்டது சம்பந்தி, துணி உரசுகிற மாதிரி, அவ்வளவு மெல்லிசாக. பிறகு நிறுத்தினாள். நாங்கள் இருவரும் நிறுத்தினோம். அவள் மறுபடி விட்டாள். நாங்களும் விட்டோம்.

ஆகவே தங்கள் வீட்டு மோட்டார் நன்றாக இருக்கட்டும், யார் முன்னாலும் என்னைக் கூப்பிட வேண்டாம், பழைய ஏசி பற்றித் தங்கள் மகனுக்கு எந்தப் புத்தியும் சொல்ல வேண்டாம், அவரைப் பற்றி மேலே நான் எழுதியதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தையே கிழித்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். "ஒம்பது நாள் எழுதினதாச்சே மாமா, அப்பா படிக்கட்டும். கோடு போட்டத மட்டும் படிக்க வேண்டாம்னு எழுதிடுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.